எங்கே கிடைத்தது

ஹாப்சாலு. பிப்ரவரி. இரவு பதினொன்று.
கடல் உறைந்து ஒன்பது நாள்.
விடிவதற்குள் சாலைத் துறைக்கு
ஓர் எண் அனுப்ப வேண்டும்:
தீவுக்குப் போகும் பனிச்சாலையின் தடிமன்.
இருபத்திரண்டுக்குக் கீழே போனால் சாலை இல்லை,
கார்கள் கரையிலேயே நிற்கும்.

என் நிரல் சொல்கிறது: இருபத்தாறு.

ராய்வோ போனில் சொல்கிறான்,
காற்று அவன் பேச்சைப் பாதி தின்கிறது:
"இருபத்தொன்று, கெர்த்து.
மூன்று இடத்தில் துளை போட்டேன்.
மூன்றிலும் அதேதான்."

முதலில் அவனைத்தான் சந்தேகித்தேன்,
ஒளிப்பானேன்.
கையுறைக்குள் விறைத்த விரல்,
துரு ஏறிய அளவுகோல்,
ஃபிளாஸ்கில் காபி மட்டும்தான் இருந்ததா என்றுகூட.

பிறகு சூத்திரத்தைப் பார்த்தேன். சரி.
மேலே கிடக்கும் வெண்பனியைக் கழிக்கும் வரி,
நான் எழுதியது, அங்கேயே இருக்கிறது.
சோதனைகள் எல்லாம் தேறின.
ஆனாலும் அந்த ஐந்து சென்டிமீட்டர்
எங்கிருந்தோ வந்து
கடல்மேல் உட்கார்ந்திருக்கிறது.

பில்ட் கருவி பச்சை எழுத்தில்
ஒப்பிக்கிறது:
கிடைத்தது.
கிடைத்தது.
கிடைத்தது.
பதினேழு நூலகம் கேட்டேன், பதினேழும் கிடைத்தன.
எங்கே கிடைத்தது என்பதைக்
கேட்டால்தான் சொல்லும்.
கேட்காதவளிடம் சொல்லாமல் விட்டது
பொய்க் கணக்கில் சேருமா?

விரித்துச் சொல் என்று
ஒரு சுவிட்சைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன்.
நானூற்றுச் சொச்சம் வரி.
உள்ளங்கையால் திரையைப் பாதி மறைத்து
ஒவ்வொன்றாய் இறங்கி வந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு,
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு:
மாடி ஏறு, இன்னொரு மாடி ஏறு,
அப்புறம் 'பழையது' என்று பெயரிட்ட அடைவு.

உள்ளே உர்மாஸின் குறிப்பு,
மூன்று குளிர்காலத்துக்கு முந்திய தேதியோடு:
தற்காலிகம். நாளை நீக்கவும்.

வெண்பனியையும் கட்டியென்றே எண்ணிக் கூட்டிய
அந்தக் காலத்து நூலகம்.
புதியதும் இருக்கிறது,
நான்கு வரி தள்ளி, இருக்க வேண்டிய இடத்தில்.
ஆனால் கருவி முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும்,
இரண்டாவதைத் திரும்பியும் பார்க்காது.

இத்தனை நாள் சும்மா கிடந்தது
இன்று மட்டும் ஏன் முந்தியது?

உர்மாஸைத் திட்ட வாயெடுத்தபோதுதான்
நினைவு வந்தது.
நேற்று மாலை, வேலை முடிந்து,
தேடும் பாதைகளின் பட்டியலை
அகர வரிசையில் அடுக்கினேன்.
பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று.
எல்லா எழுத்துக்கும் முன்னால்
புள்ளி வந்து நின்றுகொண்டது.

உர்மாஸ் விட்டது குப்பை.
அதை வாசலில் எடுத்து வைத்தது நான்.

வரிசையைப் பழையபடி மாற்றினேன்.
பாதை ஒவ்வொன்றையும்
கைவிரல் வைத்து, வாய்விட்டுப் படித்தேன்;
அறையில் ஹீட்டர் மட்டும் கேட்டது.
ஓட்டினேன்.
இருபத்தொன்று.

அனுப்பிவிட்டு ராய்வோவைக் கூப்பிட்டேன்.
"இருபத்தொன்று" என்றேன்.
"அதைத்தானே அப்போதே சொன்னேன்" என்றான்.
வழி தெரிய அவன் பனியில் நட்ட
ஜூனிப்பர் கிளைகளைப் பிடுங்கவா என்று கேட்டான்.
இருக்கட்டும், குளிர் ஏறுகிறது,
வியாழனுக்குள் பிடித்துக்கொள்ளும் என்றேன்.
சந்தேகப்பட்டதைச் சொல்லவில்லை.

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.
உர்மாஸ் எழுதிய அந்த நாளை
இதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.
'பழையது' அடைவை நீக்கினேன்,
ஒரு நம்பிக்கைக்காக இன்னொரு முறை ஓட்டினேன்.

சிவப்பு.
காற்றின் வேகம் படிக்கும் நூலகம்: கிடைக்கவில்லை.
அது வேறெங்கும் இருந்ததில்லையாம்,
மூன்று வருடமாக அந்தக் குப்பைக்குள்தான் குடியிருப்பு.

இப்போது மட்டும்
கேட்காமலே சொல்கிறது கருவி.

எழுந்து
கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.